கைச்சாத்தும் அதன் எல்லையும்: கர்தினால் பெல்லார்மின் கலிலியோவுக்கு அளித்த 1616ஆம் ஆண்டுச் சான்றுக் கடிதம்

ஆய்வுச் சுருக்கம்

1616ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் கர்தினால் இராபர்ட் பெல்லார்மின் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட ஒரு சான்றுக் கடிதத்தை வானியல் அறிஞர் கலிலியோ கலிலிக்கு அளித்தார். 1633இல் கலிலியோ சமய விசாரணை மன்றத்தின்முன் நிறுத்தப்பட்டபோது, தம் தற்காப்புக்கென அவர் முன்வைத்த முதன்மைச் சான்று இக்கடிதமே. ஆயினும் தீர்ப்பு அதனை அவருக்கு எதிராகவே பயன்படுத்திக்கொண்டது. ஒருவரைக் காக்க எழுதப்பட்ட கடிதம் அவரைக் காக்கத் தவறியது எவ்வாறு என்பதை, எழுதியவரின் வாழ்க்கைப் போக்கு, கடிதத்தின் சொல்லமைப்பு, அதனோடு முரண்படும் கையொப்பமற்ற குறிப்பு ஆகிய மூன்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பெல்லார்மின், கலிலியோ, சான்றுக் கடிதம், கையொப்பம், சமய விசாரணை மன்றம், ஆவணத் திறனாய்வு, தத்துவ போதகர்.

முன்னுரை

வரலாற்று ஆவணங்களுள் கையொப்பமிட்ட கடிதத்திற்குத் தனி மதிப்பு உண்டு. எழுதியவர் யார், எழுதிய நாள் எது, எழுதப்பட்டது யாருக்காக என்னும் மூன்று வினாக்களுக்கும் அது தானே விடை தருகிறது. ஆனால் கடிதம் எதைச் சொல்ல எழுந்தது, எதைச் சொல்லாமல் விட்டது என்னும் வினாக்களுக்குக் கையொப்பம் விடை தருவதில்லை. இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்பின் ஓர் ஆவணத்தின் நம்பகத்தன்மையும் அதன் முழுமையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை நேரும். இப்பிழையின் விளைவை ஒரு மனிதரின் வாழ்விலேயே காட்டுவது பெல்லார்மின் கலிலியோவுக்கு அளித்த கடிதம்.

கோப்பர்நிக்கஸின் கொள்கைக்கும் திருச்சபைக்கும் இடையே நிகழ்ந்த மோதலை அறிவியலுக்கும் சமயத்திற்கும் இடையிலான போர் எனச் சுருக்கிக் கூறுவது பொதுவழக்கு. அவ்வழக்கில் பெல்லார்மின் பெரும்பாலும் அறிவியலின் எதிரியாகவே இடம்பெறுகிறார். அவர் எழுதிய கடிதங்களைக் கால வரிசையில் வைத்துப் படிப்பின் சிக்கலான வேறொரு மனிதரைக் காண இயலும்.

பெல்லார்மின்: கல்வியும் பதவிகளும்

இராபர்ட் பெல்லார்மின் 1542ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலுள்ள மோந்தேபுல்சியானோ நகரில் பிறந்தார். அவருடைய தாய் சிந்தியா செர்வினி, 1555இல் மூன்று வாரங்களே திருத்தந்தையாக விளங்கிய இரண்டாம் மார்செல்லுஸின் உடன்பிறந்தவர். 1560இல் இயேசு சபையில் சேர்ந்த பெல்லார்மின், உரோமைக் கல்லூரியில் மெய்யியல் பயின்றார். பின்னர் இன்றைய பெல்ஜியத்திலுள்ள லூவேன் நகருக்கு அனுப்பப்பெற்று, 1570இல் குருத்துவம் பெற்று, 1576வரை அங்கு இறையியல் கற்பித்தார்.

லூவேனில் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதன. வானுலகம் திண்மையான கோளங்களால் ஆனது, அக்கோளங்களே விண்மீன்களைச் சுமந்து சுழல்கின்றன என்பது அரிஸ்டாட்டில் வழிவந்தோர் கொள்கை. பெல்லார்மின் அதனை ஏற்கவில்லை. விண்பொருள்கள் நீரில் மீன்போல் தாமே இயங்குகின்றன என அவர் கற்பித்தார். இக்கருத்துக்கு அவர் கொண்ட அடிப்படை உற்றுநோக்கல் அன்று. விவிலியத்தையும் திருச்சபைத் தந்தையரின் நூல்களையும் படித்த முறையே அதற்கு அடிப்படை. அரிஸ்டாட்டிலைக் கைவிட அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. விவிலியத்தின் நேர்ப்பொருளைக் கைவிடுவதிலேயே அவருடைய தயக்கம் தொடங்கியது.

1576இல் உரோமைக் கல்லூரியில் சமய வாதங்களுக்கான ஆசிரியப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சீர்திருத்தச் சபையினரின் வாதங்களுக்கு மறுப்பாக அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 1586 முதல் 1593 வரை இங்கோல்ஸ்டாட் நகரில் மூன்று பெருந்தொகுதிகளாக அச்சேறின. கத்தோலிக்க உலகில் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த இந்நூலே அவரை இடருக்கும் உள்ளாக்கியது. திருத்தந்தைக்கு உலகியல் ஆட்சியில் நேரடி அதிகாரம் இல்லை, மறைமுக அதிகாரமே உண்டு என அவர் எழுதியதை ஏற்காத ஐந்தாம் சிக்ஸ்துஸ், 1590இல் அதன் முதல் தொகுதியைத் தடைநூற் பட்டியலில் சேர்க்க முனைந்தார். பட்டியல் வெளிவருமுன் சிக்ஸ்துஸ் இறந்தமையால் நூல் தப்பியது. பிறர் நூல்களின் தடையை ஆராயும் பொறுப்பைப் பிற்காலத்தில் ஏற்றவர், தம் நூலே தடையின் விளிம்புவரை சென்று மீண்டதை அறிந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

எட்டாம் கிளமெண்ட் 1599இல் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். அதே ஆண்டில், ஜியோர்டானோ புரூனோ கைவிட வேண்டிய எட்டுக் கூற்றுகளைத் தொகுத்து அவர்முன் வைத்த பணியில் பெல்லார்மினுக்குப் பங்கிருந்தது. அவற்றைக் கைவிட மறுத்த புரூனோ 1600ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள் உரோமையில் எரிக்கப்பட்டார். 1602 முதல் 1605 வரை கப்புவாவின் பேராயராகப் பணியாற்றிய பெல்லார்மின், அதன்பின் உரோமையிலேயே தங்கினார். வெனிசு அரசின்மீது 1606இல் விதிக்கப்பட்ட திருச்சபைத் தடையாணை பற்றிய வாதத்தில் பவுலோ சார்பியையும், ஆங்கிலக் கத்தோலிக்கர்மீது சுமத்தப்பட்ட பற்றுறுதி ஆணை பற்றிய வாதத்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னரையும் எதிர்த்து நூல்கள் எழுதினார். சொல்லை எடைபோட்டு வழங்குவதும், ஒரு கூற்றின் எல்லை எங்கே முடிகிறது என்பதை வரையறுப்பதும் அவருடைய வாழ்நாள் தொழிலாக இருந்தன. 1616ஆம் ஆண்டுக் கடிதத்தின் நடையை இப்பின்னணியில் வைத்தே படித்தல் வேண்டும்.

கடிதத்திற்கு முன்னோடியான இரு கடிதங்கள்

1611இல் கலிலியோ தம் தொலைநோக்கியுடன் உரோமைக்கு வந்தார். பெல்லார்மின் தாமே அக்கருவி வழியாக நிலவையும் வெள்ளியையும் நோக்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 19ஆம் நாள் உரோமைக் கல்லூரியின் கணித அறிஞர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, ஐந்து செய்திகள் உண்மையா என வினவினார். வெறுங்கண்ணுக்குப் புலனாகாத விண்மீன்களின் மிகுதி, சனியின் மும்மை வடிவம், வெள்ளியின் வளர்தேய்வு, நிலவின் மேடுபள்ளம், வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்கள் என்பன அவை. ஐந்து நாள்களுக்குள் கிளாவியுஸ் உள்ளிட்ட நால்வர் பெரும்பாலும் உண்மையே என மறுமொழி தந்தனர். நிலவின் மேற்பரப்பு பற்றி மட்டும் கிளாவியுஸ் ஐயம் கொண்டிருந்தார். காட்சிச் செய்தியைத் துறையறிஞரிடம் கேட்டறிந்து ஏற்பது பெல்லார்மினின் முறையாக இருந்ததை இக்கடிதம் காட்டுகிறது.

இரண்டாம் கடிதம் 1615ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் எழுதப்பட்டது. கோப்பர்நிக்கஸின் கொள்கை விவிலியத்திற்கு முரணன்று என வாதிட்டுக் கார்மேல் சபைத் துறவி பவுலோ அந்தோனியோ ஃபோஸ்கரினி வெளியிட்ட சிறுநூலுக்கு அது மறுமொழி. அதில் மூன்று கருத்துகள் உள்ளன. பூமி இயங்குவதாகக் கருதுகோள் நிலையில் பேசுவதில் தீங்கில்லை என்பது முதற்கருத்து. திருச்சபைத் தந்தையர் ஒருமித்துக் கொண்ட பொருளுக்கு மாறாக விவிலியத்தை விளக்குவதைத் திரிதெந்தீனோப் பொதுச்சங்கம் தடுத்துள்ளது என்பது இரண்டாவது. மெய்யான நிறுவல் ஒன்று கிடைக்குமாயின், நிறுவப்பட்டதைப் பொய் என்பதைவிட விவிலியப் பகுதியை நாம் சரியாக உணரவில்லை எனக் கொள்வதே தகும். ஆனால் அத்தகைய நிறுவல் தமக்குக் காட்டப்படும்வரை அப்படியொன்று உண்டென நம்ப இயலாது என்பது மூன்றாவது. கருதுகோளாகப் பேசுதல், உண்மையெனக் கொள்ளுதல் என்னும் இருநிலை வேறுபாடு இங்குத் தெளிவாக வகுக்கப்படுகிறது. 1616ஆம் ஆண்டுக் கடிதத்தின் வினைச்சொற்களுக்கு இவ்வேறுபாடே திறவுகோல்.

1616: நிகழ்வுகளின் வரிசை

பெப்ரவரி 24ஆம் நாள், விசாரணை மன்றத்தின் இறையியல் அறிவுரைஞர்கள் கதிரவன் அசையாது என்னும் கூற்றை மெய்யியலில் அறிவற்றது என்றும், கோட்பாட்டளவில் திரிபுக்கொள்கை என்றும் கருத்துரைத்தனர். மறுநாள் திருத்தந்தை ஐந்தாம் பவுல் படிப்படியான ஓர் ஆணையைப் பிறப்பித்தார். முதற்படியில் பெல்லார்மின் கலிலியோவை அழைத்து அக்கொள்கையைக் கைவிடுமாறு அறிவுறுத்த வேண்டும். கலிலியோ மறுத்தால் மட்டும், விசாரணை மன்ற ஆணையர் எழுத்தர், சாட்சிகள் முன்னிலையில், அதனைக் கற்பிக்கவோ ஆதரிக்கவோ அதுபற்றிப் பேசவோ கூடாதெனக் கட்டளையிட வேண்டும். அதற்கும் இணங்காவிடில் சிறையிட வேண்டும்.

பெப்ரவரி 26ஆம் நாள் பெல்லார்மினின் இல்லத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. மார்ச்சு 3ஆம் நாள் மன்றக் கூட்டத்தில், கலிலியோ அறிவுறுத்தப்பட்டார், இணங்கினார் எனப் பெல்லார்மின் தெரிவித்தார். மார்ச்சு 5ஆம் நாள் தடைநூற் பேராயத்தின் ஆணை வெளிவந்தது. கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. ஃபோஸ்கரினியின் நூல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. கலிலியோவின் பெயரோ நூலோ ஆணையில் இடம்பெறவில்லை.

எனினும் வதந்தி பரவியது. கலிலியோ தம் கொள்கையை மன்றத்தின்முன் ஆணையிட்டுத் துறந்தார், அதற்குரிய பரிகாரத் தண்டனையும் பெற்றார் எனப் பேசப்படுவதாக வெனிசிலிருந்தும் பீசாவிலிருந்தும் நண்பர்கள் எழுதினர். அரசவை அறிஞராக விளங்கிய ஒருவருக்கு இது பெரும் மானக்கேடு. உரோமையை விட்டுப் புறப்படுமுன் உண்மையை எழுத்தில் தருமாறு கலிலியோ பெல்லார்மினை வேண்டினார். அவ்வேண்டுகோளின் விளைவே மே 26ஆம் நாள் கடிதம்.

கடிதத்தின் சொல்லமைப்பு

கடிதம் மிகச் சுருக்கமானது. அதன் உள்ளடக்கத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கலாம். முதலாவது, எழுதுவதற்கான காரணம்: கலிலியோ தம்முன் கொள்கைத் துறப்புச் செய்ததாகவும் பரிகாரத் தண்டனை பெற்றதாகவும் அவதூறு பரவியுள்ளதைத் தாம் கேள்வியுற்றதாகப் பெல்லார்மின் கூறுகிறார். இரண்டாவது, மறுப்பு: தம்மிடமோ, உரோமையில் வேறெவரிடமோ, தாம் அறிந்தவரை வேறெவ்விடத்திலோ கலிலியோ எக்கருத்தையும் துறக்கவில்லை, தண்டனை எதுவும் பெறவில்லை. மூன்றாவது, உண்மையில் நிகழ்ந்தது: திருத்தந்தை செய்து, தடைநூற் பேராயம் வெளியிட்ட அறிவிப்பு மட்டுமே அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. கோப்பர்நிக்கஸின் கொள்கை விவிலியத்திற்கு முரணானது, ஆதலால் அதனை ஆதரிக்கவோ ஏற்கவோ இயலாது என்பது அவ்வறிவிப்பு. நான்காவது, உறுதிப்பாடு: இதற்குச் சான்றாகத் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டதாகக் கூறி, நாளிட்டு முடிக்கிறார்.

இங்கு மூன்று சொற்கள் உன்னிப்பாக நோக்கத்தக்கன. ‘மட்டுமே’ என்னும் வரையறைச் சொல், கலிலியோவுக்கெனத் தனிக் கட்டளை எதுவும் இல்லை, அனைவருக்கும் பொதுவான அறிவிப்பே அவருக்கும் தெரிவிக்கப்பட்டது என்ற பொருளைத் தருகிறது. ‘ஆதரித்தல்’, ‘ஏற்றல்’ என்னும் இரு வினைகள் தடையின் பரப்பை வரையறுக்கின்றன. கற்பித்தல், ஆராய்தல், கருதுகோளாக எடுத்துரைத்தல் ஆகியன அவ்விரு வினைகளுள் வெளிப்படையாக அடங்கவில்லை. ஃபோஸ்கரினிக்கு எழுதிய கடிதத்தோடு இணைத்துப் படிப்பின், கருதுகோளாகப் பேசும் வழி இன்னும் திறந்தே உள்ளது எனக் கலிலியோ கருதியதற்கு இடமுண்டு.

கையொப்பமற்ற குறிப்பு

விசாரணை மன்றக் கோப்பில் பெப்ரவரி 26ஆம் நாளிட்ட ஒரு குறிப்பு உள்ளது. பெல்லார்மின் அறிவுறுத்திய உடனேயே, அவர் முன்னிலையில், மன்ற ஆணையர் மிக்கேலாஞ்சலோ செகிஸ்ஸி கலிலியோவுக்குக் கட்டளையிட்டார் என அது கூறுகிறது. அக்கொள்கையைச் சொல்லாலோ எழுத்தாலோ எவ்வகையிலும் ஏற்கவோ கற்பிக்கவோ ஆதரிக்கவோ கூடாது என்பது அக்கட்டளை. கலிலியோ இணங்கினார் எனவும் குறிப்பு சொல்கிறது. ஆனால் அதில் பெல்லார்மினின் கையொப்பமோ, ஆணையரின் கையொப்பமோ, சாட்சிகளின் கையொப்பமோ, கலிலியோவின் கையொப்பமோ இல்லை.

கடிதத்திற்கும் குறிப்பிற்கும் உள்ள முரண் இரண்டு. குறிப்பில் ‘கற்பித்தல்’ என்னும் வினையும் ‘எவ்வகையிலும்’ என்னும் அடையும் மிகுதியாக உள்ளன. இவை கருதுகோளாகப் பேசும் வழியையும் அடைத்துவிடுகின்றன. அடுத்து, கலிலியோ மறுத்தால் மட்டுமே இரண்டாம் படிக்குச் செல்லுமாறு திருத்தந்தையின் ஆணை இருந்தது. குறிப்போ கலிலியோ மறுத்ததாக எதுவும் கூறாமல் நேரே கட்டளைக்குச் செல்கிறது.

கோப்பின் ஆவணங்கள் 1867இல் ஹென்றி தெ லெப்பினுவாவால் வெளியிடப்பட்டபின், 1870இல் எமில் வோல்வில் இக்குறிப்பின் உண்மைத்தன்மையை ஐயுற்றார். குறிப்பு 1633இல் புனையப்பட்டது என்ற கருத்து அதன்பின் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. கையெழுத்துப்படியை நேரில் ஆராய்ந்தோர் தாளும் எழுத்தும் அக்காலத்தனவே என முடிவு செய்தமையால் அக்கருத்து வலுவிழந்தது. இன்று ஆய்வாளரிடையே நிற்கும் வினா வேறு. ஆணையர் தம் வரம்பை மீறி முந்திக்கொண்டாரா, அல்லது கலிலியோ தயங்கியதால் கட்டளை தேவைப்பட்டதா, அவ்வாறாயின் பெல்லார்மின் தம் கடிதத்தில் அதனை ஏன் விட்டுவிட்டார் என்பனவே இன்றைய வாதப்பொருள். கடிதம் எழுந்த நோக்கம் இதற்கு ஒருவகை விளக்கம் தருகிறது. வதந்தி கூறியது கொள்கைத் துறப்பையும் தண்டனையையும். கடிதம் மறுத்ததும் அவ்விரண்டையே. அன்றைய நிலையில் கலிலியோவின் மானத்தைக் காக்க அதற்குமேல் எழுதத் தேவை எழவில்லை.

1633: கடிதம் சாட்சிக் கூண்டில்

பெல்லார்மின் 1621ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் மறைந்தார். 1623இல் திருத்தந்தையான எட்டாம் அர்பன் கலிலியோவின் நண்பர். 1632இல் ஃபுளோரன்சில் வெளிவந்த கலிலியோவின் ‘உரையாடல்’ நூல், கோப்பர்நிக்கஸ், தாலமி இருவர் கொள்கைகளையும் கருதுகோள்களாக எதிரெதிர் வைப்பதாகக் கூறிக்கொண்டு, உண்மையில் முன்னதன் பக்கமே சாய்ந்தது. நூல் வெளிவந்தபின்னரே கோப்பிலிருந்த பழைய குறிப்பு வெளிச்சத்திற்கு வந்தது. தமக்கு இடப்பட்ட தனிக் கட்டளையை மறைத்து அச்சு உரிமம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டுக்கு அதுவே அடித்தளமாயிற்று.

1633ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் முதல் விசாரணையில் கலிலியோ கடிதத்தின் படியை முன்வைத்தார்; மே 10ஆம் நாள் தம் தற்காப்புரையோடு மூலத்தையும் ஒப்படைத்தார். ‘கற்பித்தல்’, ‘எவ்வகையிலும்’ என்னும் சொற்கள் தம் நினைவில் இல்லை என்றும், கையில் கடிதம் இருந்தமையால் அதன் சொற்களையே நம்பி இருந்ததாகவும் அவர் கூறினார். இவ்விடத்தில் இரு ஆவணங்கள் நேருக்கு நேர் நின்றன: ஒன்று கர்தினாலின் கையொப்பம் பெற்றது, மற்றொன்று எவர் கையொப்பமும் அற்றது. முரணைத் தீர்த்துவைக்க வல்ல முதன்மைச் சாட்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

ஜூன் 22ஆம் நாள் தீர்ப்பு குறிப்பை உண்மையெனக் கொண்டது. கடிதத்தையும் அது தள்ளவில்லை. மாறாக, கொள்கை விவிலியத்திற்கு முரணானது எனக் கடிதமே அறிவித்திருக்க, அதை அறிந்தும் அதற்குச் சார்பாக எழுதத் துணிந்தது குற்றத்தை மிகுவிக்கிறது என வாதிட்டது. கலிலியோ நம்பியது கடிதத்தின் ‘மட்டுமே’ என்னும் சொல்லை. நடுவர்கள் பற்றிக்கொண்டது ‘முரணானது’ என்னும் சொல்லை. 1616இல் கொள்கைத் துறப்புச் செய்யவில்லை எனச் சான்று பெற்றவர், அன்று சாந்தா மரியா சோப்ரா மினர்வா மடத்தில் முழந்தாளிட்டுக் கொள்கைத் துறப்பை வாசித்தார்.

தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு கடிதம்

பெல்லார்மினின் கடிதப் போக்குவரத்துக்குத் தமிழியல் ஆய்வாளர் அறிந்த ஒரு பக்கமும் உண்டு. 1606இல் மதுரை வந்து, காவியுடை, குடுமி, பூணூல், மரக்கறி உணவு ஆகியவற்றை மேற்கொண்ட தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி, பெல்லார்மினின் உறவினர். கிறித்தவத்தை விட்டுப் பிறநெறிக்குத் தெ நொபிலி இடம் கொடுக்கிறார் என்ற குற்றச்சாட்டுகள் உரோமையை எட்டியபோது, பெல்லார்மின் அவரைக் கடிந்து கடிதம் எழுதினார். தெ நொபிலி தம் முறைக்கான காரணங்களை விரித்து மறுமொழி அனுப்பினார். அதனைப் படித்தபின் பெல்லார்மின் தம் கருத்தை மாற்றிக்கொண்டு அவருக்கு ஆதரவாக நின்றார். பெல்லார்மினின் மறைவுக்குப் பின் 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, பூணூல், குடுமி முதலியவற்றைச் சில வரையறைகளுடன் அனுமதித்தார்.

இரு நிகழ்வுகளையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகிறது. தெ நொபிலிக்கு எழுதிய கடிதத்தில் பெல்லார்மின் கடுமை காட்டினார். ஆனால் மறுமொழி கேட்கவும் கருத்தை மாற்றவும் அவர் உயிரோடு இருந்தார். கலிலியோவுக்கு அளித்த கடிதத்தில் கனிவு காட்டினார். ஆனால் அக்கடிதத்திற்கு விளக்கம் தேவைப்பட்ட நாளில் அவர் இல்லை. கடிந்துரைத்த கடிதம் தீங்கின்றி முடிய, காக்க எழுந்த கடிதம் தண்டனைக்குத் துணையாயிற்று.

முடிவுரை

பெல்லார்மினின் கையொப்பம் போலியன்று. கடிதம் கூறும் செய்தியும் பொய்யன்று. ஆயினும் அது ஒரு குறிப்பிட்ட வதந்திக்கு விடையாக எழுந்தது. கலிலியோ அதனைத் தம் எழுத்துரிமையின் எல்லையை வரையறுக்கும் ஆவணமாகக் கொண்டார். நடுவர்கள் அதனை எச்சரிக்கையின் பதிவாகக் கொண்டனர். இவ்விரண்டும் எழுதியவரின் நேர்நோக்கம் அல்ல.

இதிலிருந்து ஆவண ஆய்வாளர் கொள்ளத்தக்க முறைகள் மூன்று. கடிதத்தின் கூற்றை மதிப்பிடுமுன் அக்கூற்று எவ்வினாவுக்கு விடை என்பதைக் காணல் வேண்டும். கடிதத்தின் மௌனத்தை மறுப்பெனவோ உடன்பாடெனவோ கொள்ளுமுன், அப்பொருளைப் பேச அங்குத் தேவை இருந்ததா என ஆராய்தல் வேண்டும். கையொப்பமற்றது என்பதாலேயே ஓர் ஆவணம் போலியாகிவிடாது. கையொப்பமுற்றது என்பதாலேயே முழுமையும் ஆகிவிடாது.

பெல்லார்மின் 1930இல் புனிதராகவும், 1931இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். கலிலியோவின் விசாரணை ஆவணங்களோ இன்றும் விவாதப்பொருளாகவே உள்ளன. ஒரே நாளின் நிகழ்வை இரு விதமாகச் சொல்லும் இரு தாள்கள் அவற்றுள் இருப்பதும், அவற்றுள் ஒன்றையேனும் ஒதுக்கிவிட்டு அந்நாளை அறிய இயலாது என்பதுமே அதற்குக் காரணங்கள்.